தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்ததற்கு என் காரின் ஹாரன்தான் காரணம். மற்றவர்களுக்குக் கதை கனவில் வருகிறதாம், பழைய புகைப்படத்தில் வருகிறதாம். எனக்கு ஹாரனில் வந்தது. ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் மட்டும் அது அடிக்கும். நேராகப் போகும்போது மௌன விரதம். எங்கள் கணபதிப் பகுதியில் குறுக்கே வருகிற ஸ்கூட்டரை எச்சரிக்க வேண்டுமென்றால் நான் முதலில் அதன்மேல் ஏற்றுகிற மாதிரி திருப்பியாக வேண்டும். இப்படி இரண்டு பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு, நேற்று வியாழக்கிழமை மதியம், வம்சியின் கடைக்குப் போனேன்.

வம்சி கணபதியில் வண்டிகளுக்கு சீட் கவர், ஸ்பீக்கர், ஹாரன் வகையறா மாட்டிக் கொடுக்கிறவர். "ரெண்டு மணி நேரம் ஆகுமுங்க்கா, உக்காருங்க" என்று ஒரு பெஞ்சைக் காட்டினார். உட்கார்ந்தேன். நான் உட்கார்ந்தால் கவனிப்பேன். கவனித்தால் எழுதுவேன். எச்சரிக்கை என்று நெற்றியில் ஒட்டிக்கொண்டு போக முடியாது, என்ன செய்வது.

(எச்சரிக்கை என்ற சொல் அடிக்கடி வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில் பம்பு மோட்டார்களுக்குப் பயன்பாட்டுக் கையேடு எழுதுவது என் பிழைப்பு. "தண்ணீர் இல்லாமல் மோட்டாரை ஓட்டாதீர்கள்" என்பதுதான் நான் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்த வாக்கியம். என் சிறுகதைகள் எதற்கும் அந்த யோகம் வாய்க்கவில்லை.)

2

தொடக்கம், முதல் முயற்சி:

நெடுஞ்சாலை என்பது ஒரு

நிறுத்திவிட்டேன். நெடுஞ்சாலை என்பது நெடுஞ்சாலைதான். சுங்கச்சாவடி இருக்கும். அதற்குமேல் அதில் தத்துவம் ஒன்றும் இல்லை.

இரண்டாவது முயற்சி:

பொற்கொடி லாரியிலிருந்து கீழே குதித்தாள். அவள் கண்களில்

கண்களில் தூசி இருந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள். வேறு எதுவும் அங்கே மின்னவில்லை, ததும்பவும் இல்லை.

மூன்றாவது முயற்சி, நடந்தது நடந்தபடி. ஒரு ஆறு சக்கர லாரி வம்சியின் கடைச் சந்துக்குள் பின்னோக்கி வந்தது. ஒரு பக்கம் மின்கம்பம், மறுபக்கம் பேக்கரியின் போர்டு. பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்த ஆண்கள் அத்தனை பேரும் கண்ணாடித் தம்ளரோடு தெருவுக்கு வந்து ஆளுக்கொரு திசையில் கை காட்டினார்கள். "ஒடி, ஒடி", "லெஃப்டு போதும்", "வரட்டும், வரட்டும்". வண்டி யார் பேச்சையும் கேட்காமல் ஒரே மூச்சில் உள்ளே வந்து நின்றது. ஓட்டுநர் பக்கத்துக் கதவு திறந்தது. முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி இறங்கினாள். கை காட்டிய ஆண்கள் டீ ஆறிவிட்டதைக் கவனிக்கப் போய்விட்டார்கள்.

இந்த முயற்சியே இருக்கட்டும்.

3

இறங்கியவள் பொற்கொடி. மறுபக்கத்திலிருந்து இறங்கியவன் அவள் கணவன் கௌதமன். (இரண்டு பெயரும் நான் வைத்தவை. லாரியின் நிறத்தையும் மாற்றியிருக்கிறேன். எந்த நிறத்திலிருந்து எந்த நிறத்துக்கு என்று சொல்ல மாட்டேன்.) வீடு பெரியநாயக்கன்பாளையம். சொந்த வண்டி. பம்பு மோட்டார் ஏற்றிக்கொண்டு ஐதராபாத் போவார்கள், அங்கிருந்து கிடைத்ததை ஏற்றிக்கொண்டு திரும்புவார்கள். பொற்கொடி கனரக லைசென்ஸ் எடுத்துப் போன சித்திரையோடு ஒரு வருஷம். பகலில் அவள் ஓட்டுவாள், ராத்திரியில் அவன். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் சீட்டுக்குப் பின்னால் குறுக்காகப் போட்டிருக்கும் படுக்கையில் தூங்குவார். ஒருவரைச் சம்பளத்துக்கு வைக்காமல் இரண்டு பேரும் ஒரு வண்டியில் வாழ்கிறார்கள் என்பதைக் கேட்டதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. நானும் என் வீட்டுக்காரரும் ஒரு ரிமோட்டைக்கூடப் பங்குபோட்டுக்கொள்ள முடியாதவர்கள்.

கௌதமனுக்குக் கேபினின் பின்பக்கம் ஸ்பீக்கர் வேண்டும்.

"முன்னாடி டோர்லயே மாட்டிக்கலாமுங்ணா. வேலையும் சுளுவு" என்றார் வம்சி.

"இல்லீங்க. பொறத்தாலதான் வேணும்."

வம்சி தன் கடைச் சுவரில் வரிசையாகப் பதித்திருக்கும் ஸ்பீக்கர்களில் ஒவ்வொன்றாகப் பாட்டுப் போட்டுக் காட்டினார். வட்டமானது, முட்டை வடிவானது, போட்டால் வயிற்றுக்குள் அதிர்வது. ஒவ்வொன்றுக்கும் கௌதமன் சுவருக்கு முதுகைக் காட்டி நின்றான். எதிரே தெருவைப் பார்த்தபடி, கைகளை ஸ்டியரிங் பிடித்த மாதிரி கொஞ்சம் தூக்கிக்கொண்டு. இந்த ஆள் ஏன் இப்படி நிற்கிறான் என்று நான் நினைத்தது உண்மை.

"பேஸ் எப்படிங்ணா, நல்லா அதிருதுங்ளா?" என்றார் வம்சி.

"பாட்டு வேண்டாமுங்க. ஏதாச்சும் பேச்சு இருந்தாப் போடுங்க. பேச்சு எதுல தெளுவா கேக்குமோ அதையே குடுத்துருங்க."

பதினைந்து வருஷத் தொழிலில் வம்சியிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. கடைசியில் தன் போனில் இருந்த ஒரு பட்டிமன்றத்தைப் போட்டார். முட்டை வடிவ ஜோடியில் பட்டிமன்ற நடுவர் செருமியதுகூடத் துல்லியமாகக் கேட்டது. கௌதமன் திரும்பினான். முகமெல்லாம் சிரிப்பு. "இதுதானுங்க."

4

வம்சி லாரியின் இருபத்துநாலு வோல்ட்டைக் குறைக்கிற பெட்டியைத் தேடி உள்ளே போனார். கௌதமன் டீ சொல்லப் போனான். பொற்கொடி என் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள்.

"பேச்சுன்னா உங்க வீட்டுக்காரருக்கு உசுரோ?" என்று கேட்டுவைத்தேன்.

"ஆமாங்க்கா. பட்டிமன்றம். ராத்திரியெல்லாம் பட்டிமன்றந்தான் கேப்பாராம் இனிமே." அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். "படுக்கை பொறத்தாலதானுங்க்கா இருக்குது. ஸ்பீக்கரு வரப்போறது என்ற காதுக்கிட்ட."

"உங்களுக்குத் தூக்கம் வராதே?"

"எனக்கு எறும்பு ஊர்ற சத்தம் கேட்டாலும் முழிப்பு வந்துருமுங்க்கா. எஞ்சின் சத்தம் ஒரே மாதிரி இருக்கறதால தூங்கறனுங்க. இதுல கைதட்டுவாங்க, சிரிப்பாங்க. நான் தூங்குன மாதிரிதான். ராத்திரி தூங்கலீன்னா பகல்ல வண்டி ஓட்டக் கூடாதுங்க. ஓட்டலீன்னா அவரு ஒரு ஆளு வெப்பாரு. ஆளு வெச்சா எனக்கு வண்டில எடமில்ல." பிறகு சாதாரணமாகச் சொன்னாள்: "திரும்ப ஊட்டுல உக்காரோணும். ஒரு வருஷம் ஓட்டிப் பழகிப்போட்டு இனி என்னால ஊட்டுல உக்கார முடியாதுங்க்கா."

வாசகரே, இந்தக் கதையில் ஆபத்தில் இருப்பது இதுதான். வேறு எதையும் தேடி அலைய வேண்டாம்.

"ஏன் அம்மணி, அவருகிட்ட நேராச் சொல்லீட வேண்டியதுதானே?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் அதிர்ச்சியே இருந்தது. "அவரு எத்தனை ஆசையா வாங்கறாரு! மொகத்துக்கு நேரா எப்படிங்க்கா வேண்டாம்ங்கறது?"

5

கௌதமனைப் பொல்லாதவனாக எழுதிவிடலாம் என்று பார்த்தேன். பெண்டாட்டியின் தூக்கத்தைவிடப் பட்டிமன்றம் பெரிதென்று நினைக்கிற ஆள். ஒரு பத்தி எழுதியும் விட்டேன்:

கௌதமன் தடித்த புருவங்களுக்குக் கீழே

அதற்குள் அவன் டீயோடு வந்துவிட்டான். "அக்கா, உங்களுக்குச் சக்கரை போடலாமுங்ளா, வேண்டாமுங்ளான்னு கேக்காமப் போயிட்டனுங்க. அதுதான் ரெண்டு விதமாவும் வாங்கியாந்தேன்" என்று இரண்டு தம்ளர்களை நீட்டினான். இப்படிப்பட்டவனை வைத்துக்கொண்டு எந்த எழுத்தாளரால் வில்லன் செய்ய முடியும்? புருவமும் தடிமன் இல்லை. அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன்.

வம்சியை வில்லனாக்கலாமா? அவர் அறுப்பதற்கு முன் மூன்று முறை கேட்டார். நானே சாட்சி. கேபினின் பின்சுவரில், ரெக்சின் போர்த்திய பலகையில், சாக்பீஸால் இரண்டு முட்டைகள் வரைந்துவிட்டுக் கேட்டார்:

"ரெண்டு மூலைலயும் வெச்சரலாமுங்ளா? தலைமாட்டுல ஒண்ணு, கால்மாட்டுல ஒண்ணு."

"எனக்கென்னுங்க" என்றான் கௌதமன். "ராத்திரி அதுல படுக்கறது அம்மணி. அம்மணி சொல்லட்டும்."

"உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படியே செய்ங்க" என்றாள் பொற்கொடி.

"உனக்குத் தொந்தரவு ஒண்ணுமில்லையே புள்ள?"

"நமக்கென்னுங்க தொந்தரவு."

வம்சிக்கு ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். "அக்கா, வெட்டீட்டா வெட்டுனதுதானுங்க்கா. ஒருக்கா யோசிச்சுச் சொல்லுங்க."

"நீங்க பாத்துச் செய்ங்க."

"அப்ப வெட்டட்டுங்ளா?"

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் சரி என்று அர்த்தம். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு வம்சி மெஷினை எடுத்தார்.

(இங்கே ஒரு சின்னக் கட்டுரை. வெளியூர்க்காரர்கள் எங்கள் மரியாதையைப் புகழ்வார்கள். திட்டும்போதுகூட "ங்க" போடுகிறோமாம். உண்மைதான். ஆனால் "வேண்டாம்" என்ற சொல்லை நாங்கள் கடைக்காரரிடம் சொல்வோம், பேரம் பேசும்போது சொல்வோம், பிரியமானவர்களிடம் மட்டும் சொல்ல மாட்டோம். பந்தியில் இலையை மறைத்துக் கைவைத்தபடியே விரலிடுக்கில் மூன்றாவது கரண்டிப் பாயசத்தையும் வாங்கிக்கொள்வோம். பிடிக்காத நிறத்தில் பட்டுப்புடவை எடுத்துக் கட்டியவர்கள் என் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். மூன்று நல்லவர்கள் ஒரு பலகையைச் சுற்றி நின்று, மூன்று பேரும் அடுத்தவர் மனம் கோணக்கூடாதென்று பார்த்து, யாருக்கும் வேண்டாத இடத்தில் ஓட்டை போடுவது எங்களால் மட்டுமே முடியும்.)

பலகை கிறீச்சிட்டது. மரத்தூள் பொற்கொடியின் தலையணைமேல் மாவு போலக் கொட்டியது.

இன்னொரு குறிப்பு. படுக்கையின் ஒரு முனையில் மட்டும் ஸ்பீக்கர் வைத்திருந்தால் அவள் மறுமுனையில் தலைவைத்துப் படுக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அவள் வழக்கமாக ஓட்டுநர் பக்கம் தலைவைத்துப் படுப்பவள். கொச்சிக்கு லோடு போனால் மட்டும் மாற்றிக்கொள்வாள். மேற்கே போகும்போது அந்தப் பக்கம் வடக்காகிவிடும், வடக்கே தலைவைத்துப் படுக்கக் கூடாது. "ரோடு வளையறப்பெல்லாம் தெசை மாறுமே?" என்று கேட்டேன். "கெளம்பறப்ப எந்தத் தெசையோ அதுதானுங்க்கா கணக்கு" என்றாள். எப்படியானாலும் இப்போது இரண்டு பக்கமும் ஸ்பீக்கர்.

6

மாட்டி முடித்ததும் பொற்கொடி ஒரு யோசனை சொன்னாள். அதைக் கேட்டதும் நான் பெஞ்சிலிருந்து எழுந்தே விட்டேன்.

"ஏனுங்க, நீங்க ஒருக்கா அதுல படுத்துப் பாருங்களேன். நான் ஒரு ரவுண்டு ஓட்டறேன். சத்தம் எப்படி இருக்குதுன்னு படுத்தாத்தானுங்களே தெரியும்."

என்ன அழகான திட்டம்! வேண்டாம் என்று சொல்லவும் இல்லை, சொல்லாமல் விடவும் இல்லை. இரண்டு நிமிடம் அவன் காதருகே கைதட்டல் விழட்டும், அவனே எழுந்து "இதைக் கழட்டீருங்க" என்பான். நான் கையேடு எழுதுகிறவள். சொல்லிப் புரியாததைச் செய்து காட்டு என்பது எங்கள் தொழிலின் பாலபாடம்.

என் ஹாரன் இன்னும் ஆகவில்லை. "நானும் வரட்டுங்ளா?" என்றேன். வரவேண்டாம் என்று அவர்கள் எப்படிச் சொல்வார்கள்? ஏறிக்கொண்டேன்.

கௌதமன் பின்னால் படுத்தான். பட்டிமன்றம் தொடங்கியது. குடும்பத்தில் அதிகம் விட்டுக்கொடுப்பவர் கணவனா, மனைவியா? வண்டி சத்தி ரோட்டில் ஏறியது. ஒரு பேச்சாளர் கணவனுக்காக முழங்கினார். கூட்டம் ஆர்ப்பரித்தது. எனக்கே காது அடைத்தது. என் மனதில் அடுத்த வரி தயாராக இருந்தது:

கௌதமன் காதைப் பொத்திக்கொண்டு துள்ளி எழுந்து

எழவில்லை. மனைவிக்காக ஓர் அம்மா பேச வந்தார். விசில் பறந்தது. நான் திரும்பிப் பார்த்தேன்.

கௌதமன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

வாய் லேசாகத் திறந்திருந்தது. தலைமாட்டில் பேச்சு, கால்மாட்டில் கைதட்டல், நடுவே அவன், குழந்தை தூளியில் கிடக்கிற மாதிரி.

பொற்கொடி கண்ணாடியில் பார்த்தாள். முதலில் நம்பவில்லை. பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. அடக்கமாட்டாமல் இரண்டு பேரும் சிரித்தோம். சரவணம்பட்டி நெருங்கும்போது அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"இவரு இப்படித் தூங்கி நான் பாத்ததே இல்லீங்க்கா" என்றாள். "நான் ஓட்டறப்ப இவரு படுப்பாரு. ஆனா பொரண்டுட்டே இருப்பாரு. பகல் வெளிச்சத்துல தூக்கம் புடிக்கலைம்பாரு."

வண்டியை ஓரமாக நிறுத்தி, பட்டிமன்றத்தை அணைத்தாள். நடுவர் தீர்ப்புக்கு வந்திருந்தார். "ஆகவே" என்றதோடு போயிற்று.

சத்தம் நின்ற அந்த நொடியில் கௌதமன் விழித்துக்கொண்டான். "ஏனாச்சு? எங்க இருக்கறோம்?"

"சரவணம்பட்டிங்க."

அவன் எழுந்து உட்கார்ந்தான். வெட்கத்தோடு சிரித்தான். "நல்லாத்தான இருக்குது செட்டு."

7

இனி நான் எழுதவில்லை. அவர்கள் பேசினார்கள்.

"ஏனுங்க, ஒண்ணு கேக்கட்டுங்ளா? எதுக்குங்க பொறத்தால? முன்னாடி மாட்டியிருந்தா எனக்குக் கொஞ்சமாச்சும் தூக்கம் வருமில்லீங்க."

அதைச் சொல்லிவிட்டதில் அவளே திகைத்துப்போனாள். கௌதமன் முகம் விழுந்துவிட்டது.

"உனக்குத் தூக்கம் வராதா?"

"வராதுங்க."

"அப்பவே சொல்லியிருக்கலாமுல்ல புள்ள."

"நீங்க ஆசப்பட்டீங்க."

கௌதமன் தலையணையிலிருந்த மரத்தூளை விரலால் ஓரமாகத் தள்ளினான். என்னை ஒருமுறை பார்த்தான். நான் மும்முரமாக ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

"முன்னெல்லாம் அப்பப்ப நீ சும்மா கூட வருவ" என்றான். "பொறத்தால படுத்துட்டு ராமுச்சூடும் எதாச்சும் பேசீட்டே வருவ. எனக்குத் தூக்கமே வராது. இப்ப நீ பகலெல்லாம் ஓட்டற. படுத்ததும் தூங்கிர்ற. எழுப்ப மனசு வருமா? போன மாசம் தொப்பூர் எறக்கத்துல ஒரு செகண்டு கண்ணு சொக்கிப்போச்சு. உன்ற கிட்டச் சொல்லல. அதுதான், பொறத்தால இருந்து பேச்சுக் கேட்டா முழிச்சுட்டு இருப்பேன்னு. நீ தூங்கலாம், எனக்கும் பேச்சுத் தொணை இருக்கும்னு."

ஜன்னலுக்கு வெளியே ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள் அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கண் கலங்கியது. வெளியே பார்த்ததால் யாருக்கும் தெரியவில்லை.

பொற்கொடிக்குக் கலங்கவில்லை, கோபம் வந்தது. "கண்ணு சொக்குச்சா? தொப்பூர்லயா? நான் பொறத்தால தூங்கறப்பவா?" இரண்டு கைகளையும் ஸ்டியரிங்மேல் வைத்தாள். பிறகு, "ராத்திரி வண்டியை எனக்குக் குடுத்துப்போடுங்க" என்றாள்.

"என்ன?"

"ராத்திரி எனக்குக் கண்ணு சொக்காதுங்க. எனக்குத்தான் எறும்பு ஊர்ந்தாலும் முழிப்பு வருதே. நான் ராத்திரி ஓட்டறேன், நீங்க பகல்ல ஓட்டுங்க. பகல்ல ரோட்டுல ஆளு இருக்கும், டீக்கடை இருக்கும், உங்களுக்குப் பேச்சுத் தொணை வேண்டியதில்ல. வண்டில சத்தமில்லீன்னா நானும் தூங்கிக்குவேன்."

"உன்னய ராத்திரில ஓட்ட உட்டுட்டுப் பொறத்தால படுத்தா, பயத்துல எனக்குத் தூக்கம் வருமா புள்ள?"

"இப்ப சரவணம்பட்டி வரைக்கும் வந்துச்சுங்களே."

நான் எத்தனை வருஷம் எழுதினாலும் இப்படி ஒரு வரி எனக்கு வராது.

கௌதமன் பின்னால் கணபதிப் பக்கம் கை காட்டினான். "வம்சி காத்துட்டிருப்பாரு. வண்டியத் திருப்பு" என்றான்.

8

வண்டி கணபதிக்குத் திரும்பியது. கடையில் வம்சி ஆவலோடு கேட்டார், "செட் எப்படிங்ணா?"

"நல்லாத் தூக்கம் வருதுங்க" என்றான் கௌதமன். வம்சி இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருப்பார்.

அவர்கள் பெரியநாயக்கன்பாளையம் போய் லோடு ஏற்றி, சாயந்திரமே ஐதராபாத் கிளம்ப வேண்டும். கடையைவிட்டுப் போகும்போது ஓட்டியது பொற்கொடிதான். பகல் அவளுடையது என்பதால் அதை வைத்து ஒன்றும் சொல்வதற்கில்லை. ஏறுவதற்கு முன் கௌதமன் தலையணையை வெளியே கொண்டுவந்து, மரத்தூள் போக நன்றாகத் தட்டி, திரும்ப வைத்தான். ராத்திரி அது யாருக்கு என்று கேட்க எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. நானும் இந்த ஊர்க்காரிதானே, முகத்துக்கு நேராக எப்படிக் கேட்பது?

ஆகவே முடிவுகளை நானே எழுதிப் பார்த்தேன்.

(அ) சேலம் தாண்டியதும் கௌதமன் வண்டியை நிறுத்தி, "இந்தா" என்று சாவியைக் கொடுத்துவிட்டு

எனக்குப் பிடித்த முடிவு இதுதான், மறைக்க மாட்டேன். ஆனால் பெண்டாட்டிக்கு ராத்திரிக் கஷ்டம் வேண்டாம் என்று ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தவன் ஒரே சாயந்திரத்தில் மனம் மாறுவானா? தெரியவில்லை.

(ஆ) வம்சி இரண்டு ஸ்பீக்கரையும் கழற்றி

கழற்றினால் ஓட்டை. மாட்டினால் பட்டிமன்றம். இது முடிவே இல்லை.

(இ) அடுத்த லோடுக்கு ஒரு ஆள் வந்தான். பொற்கொடி வீட்டு வாசலில் நின்று

இதை அடித்துவிட்டேன். அந்த வாக்கியத்தை முடிக்க என் கை வரவில்லை. உங்களுக்கு இதுதான் யதார்த்தமாகப் பட்டால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், என்னிடம் காட்ட வேண்டாம்.

இப்போது வெள்ளிக்கிழமை காலை. வண்டி பெங்களூரைத் தாண்டி அனந்தப்பூர் பக்கம் போய்க்கொண்டிருக்கும். பொற்கொடி தன் நம்பரைக் கொடுத்திருக்கிறாள், "எழுதுனா அனுப்புங்க்கா" என்று சொல்லி. ஒரு போன் போட்டால் போதும். வண்டி ஓட்டுகிறவர் போனை எடுக்க மாட்டார். படுத்திருப்பவர்தான் எடுப்பார். தூக்கக் கலக்கத்தில் "அலோ" சொல்லும் குரல் ஆண் குரலா பெண் குரலா என்பதிலேயே ராத்திரி யார் ஓட்டினார்கள் என்பது தெரிந்துவிடும். கதை முடிந்துவிடும்.

போனைக் கையில் எடுத்தேன். பேரைத் தேடினேன். விரலை வைக்கப் போகிற நேரத்தில்தான் உறைத்தது.

யாரோ ஒருவர் ராத்திரி முழுக்க ஓட்டிவிட்டு இப்போதுதான் கண்ணயர்ந்திருக்கிறார். ஸ்பீக்கர் இரண்டும் சும்மா இருக்கலாம், இல்லை கைதட்டிக்கொண்டும் இருக்கலாம். அது அவனாக இருந்தால் அவனுக்கு அந்தத் தூக்கம் வேண்டும். அவளாக இருந்தால் எறும்பு ஊர்ந்தாலே எழுந்துவிடுவாள். என் கதைக்கு முடிவு வேண்டும் என்பதற்காக அவர்களை எழுப்புவதா?

போனை வைத்துவிட்டேன். உங்களுக்கு யாரென்று தெரிந்தே ஆக வேண்டுமானால் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். நம்பர் மட்டும் கேட்காதீர்கள். தூங்கட்டும்.